பாலஸ்தீனத் தகராறு எங்கே தொடங்கியது?

(கிள்ளானில் கூடிய தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

தலைவர் அவர்களே, கிளைச் செயலாளர்களே, விடிந்தால் பெரட்டுக்குப் போக வேண்டியிருந்தும் பிள்ளைகுட்டிகளோடு வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே!

பாலஸ்தீனத்தைப் பற்றிப் பேசும்படி நமக்குக் கட்டளை. "வீட்டைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் பேச வேண்டிய கூட்டத்தில் இதெதற்கு?" என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் கேட்டது காதில் விழாமலில்லை. நியாயமான கேள்விதான். ஆனால் 2023 அக்டோபர் 7ஆம் நாள் ஹமாஸ் இயக்கத்தார் எல்லை தாண்டிச் சென்று ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்று, பலரைப் பிணையாகப் பிடித்துச் சென்றதும், அதன் பின்னர் இஸ்ரேலியப் படை காஸாவில் பல்லாயிரக்கணக்கான மக்களைக் கொன்றதும் நாம் எல்லோரும் அறிந்தவை. அன்று முதல் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையிலும் கிள்ளான் பஸ் நிலையத்திலும் நம்மவர்கள் வாதாடக் கேட்கிறோம். "அது முஸ்லிம்கள் விவகாரம், நமக்கென்ன?" என்பார் ஒருவர். "ஈராயிரம் வருஷத்து மதச் சண்டை; தீரவே தீராது" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சும் சரியல்ல. மதம் அதில் கலந்தது உண்மை. ஆனால் தகராறு மூண்டது நிலத்திலும் கூலியிலும். அவ்விரண்டைப் பற்றியும் தோட்டத் தொழிலாளிக்கு யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாலஸ்தீனம் நம் பகாங் மாநிலத்தைவிடச் சிறிய நாடு. 1517 முதல் நானூறு வருஷம் துருக்கியர் ஆட்சியில் இருந்தது. மக்களில் பெரும்பாலோர் அரபு மொழி பேசும் குடியானவர்கள்; முஸ்லிம்கள் மிகுதி, கிறிஸ்தவர்களும் உண்டு, யூதர்களும் சிறிதளவு உண்டு. 1858இல் துருக்கி சர்க்கார் ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தது. அவரவர் நிலத்தை அவரவர் பேரில் பதிய வேண்டும் என்பது ஏற்பாடு. பதிந்தால் வரி வரும், பட்டாளத்துக்கு ஆள் பிடிப்பார்கள் என்று குடியானவர்கள் பயந்தார்கள். பட்டணத்துப் பணக்காரர் பேரில் எழுதிவிட்டுத் தாங்கள் உழுதுகொண்டே இருந்தவர்கள் பலர். உழுகிறவன் ஓரிடம், காகிதம் வேறிடம்!

அந்தக் காகிதங்களில் பெரும் பகுதி பேரூட்டில் வாழ்ந்த சுர்சோக் என்ற வணிகக் குடும்பத்தார் கைக்குப் போயிற்று. அவர்கள் நிலத்தை மிதித்தது அபூர்வம். 1910இல் அஃபூலா என்ற கிராமத்து நிலத்தை யூதக் குடியேற்ற நிறுவனத்துக்கு விற்றார்கள். நாசரேத் வட்டார அதிகாரியாக இருந்த ஷுக்ரி அல்-அசலி என்பவர் குடியானவரை வெளியேற்ற மறுத்து மல்லுக்கட்டிப் பார்த்தார், முடியவில்லை. 1921 முதல் 1925 வரை அந்தப் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி விலையாகி, கிராமம் கிராமமாகக் குத்தகைக் குடிகள் கலைக்கப்பட்டார்கள். வாங்கியவர் சட்டப்படி வாங்கினார், விற்றவர் சட்டப்படி விற்றார். பரம்பரையாக உழுதவனுக்கோ கையில் கொஞ்சம் பணம், சில வேளை அதுவுமில்லை.

நமது பெரியவர்களுக்கு இது புதுக்கதையா? 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கொம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றபோது, மரமும் லயமும் கைமாறின. மரம் வெட்டியவர்கள் மூட்டையைக் கட்டினார்கள். தோட்டத் துண்டாடல் என்ற சொல் இந்நாட்டுத் தமிழுக்கு அப்போதுதான் வந்தது. அதைத் தடுக்கவே 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார். பாலஸ்தீனத்துக் குடியானவர்களுக்கு அப்படி ஒரு பத்து வெள்ளிச் சங்கம் இருந்ததில்லை.

இனி, நிலம் வாங்கிய யூதர்கள் யார்? அவர்களையும் நாம் நியாயமாகப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில், முக்கியமாக ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில், யூதர் வீடுகளைக் கொளுத்துவதும் கொள்ளையிடுவதும் 1881 முதல் அலை அலையாக நடந்தது. படித்தவனும் தப்பவில்லை, கைத்தொழில் செய்பவனும் தப்பவில்லை. இனி நமக்கென்று ஒரு நாடு இருந்தால்தான் பிழைப்போம் என்று தியோடர் ஹெர்சல் 1896இல் ஒரு நூல் எழுதி, மறுவருஷம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மாநாடும் கூட்டினார். கப்பலேறி வந்தவர்களில் மிகப்பலர் ஏழைகள், அடிபட்டு வந்தவர்கள். பண்டைக்காலம் முதல் தங்கள் வேதத்தில் உள்ள பூமி என்ற பற்றும் அவர்களுக்கு உண்டு. அந்தப் பற்றைப் பொய்யென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்த பூமியில் ஏற்கெனவே உழுதுகொண்டிருந்தவனும் பொய்யல்ல.

இந்த இடத்தில் பிரிட்டிஷ்காரர் வந்து சேர்கிறார். முதல் உலக யுத்தத்தில் துருக்கியை எதிர்க்க அரபுகளின் துணை தேவைப்பட்டது. மக்கா ஷரீப் ஹுசைனுக்கு 1915இலும் 1916இலும் கடிதங்கள் எழுதி, அரபுகளுக்குச் சுதந்தரம் என்று ஆசை காட்டினார்கள். அந்த 1916இலேயே பிரெஞ்சுக்காரரோடு இரகசியமாக உட்கார்ந்து அரபு நாடுகளைப் பங்கு போட்டார்கள். 1917 நவம்பர் 2ஆம் நாள் அயல்நாட்டு மந்திரி பால்பர், பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்குத் தேசிய இல்லம் அமைய ஆதரவு தருவதாக ரோத்சைல்டு பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில் அரபுகள் என்ற சொல்லே கிடையாது. நாட்டு ஜனத்தொகையில் பத்தில் ஒன்பது பங்காக இருந்தவர்களை "அங்குள்ள யூதரல்லாத சமூகங்கள்" என்று குறிப்பிட்டு, அவர்களுடைய சிவில், மத உரிமைகளுக்குப் பங்கம் வராது என்றது. அரசியல் உரிமையைப் பற்றி மூச்சில்லை. செக்ரோலில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரை 'ஏனையோர்' என்று எழுதி வைத்தால் எந்தத் துரை கிராணியை விட்டு வைப்பார்? சாம்ராஜ்யத்தில் அப்படி எழுதினால் அதற்குப் பேர் ராஜதந்திரம்.

1922இல் பிரிட்டிஷார் எடுத்த கணக்கில் யூதர் சுமார் 84,000 பேர், நூற்றுக்குப் பதினொன்று. 1931இல் அது 1,75,000 அளவுக்கு ஏறிற்று.

தொழிற்சங்கவாதிகளாகிய நாம் நின்று கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 1920 டிசம்பரில் ஹைபா நகரில் ஹிஸ்தத்ருத் என்ற தொழிற்சங்கம் தோன்றிற்று. மருத்துவமனை, கூட்டுறவுக் கடை, கட்டடக் குத்தகை எல்லாம் அதற்கு உண்டு. திறமையில் அதற்கு ஈடு சொல்லுவது கடினம். ஆனால் அது யூதத் தொழிலாளருக்கான சங்கம். அவர்களுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. ஆரஞ்சுத் தோட்ட முதலாளிகள், அவர்கள் யூதரேயானாலும், அரபுக் கூலிகளையே விரும்பினார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும்: கூலி குறைவு. ஐரோப்பாவிலிருந்து வந்தவனால் அந்தக் கூலியில் பிழைக்க முடியாது. இப்படிப்பட்ட நிலையில் சங்கத்துக்கு இரண்டு வழி உண்டு. குறைந்த கூலிக்காரனையும் சங்கத்தில் சேர்த்து இருவர் கூலியையும் உயர்த்துவது ஒன்று. அவனை வேலையிலிருந்தே விலக்குவது மற்றொன்று. ஹிஸ்தத்ருத் 'எபிரேய உழைப்பு' என்ற கோஷத்தோடு இரண்டாவது வழியில் போயிற்று. 1930களில் அரபுகளை வேலைக்கு வைத்த தோட்டங்களின் வாசலில் மறியல் செய்தது. 1901இல் ஏற்பட்ட யூதத் தேசிய நிதியோ, தான் வாங்கிய நிலத்தை மீண்டும் விற்கக்கூடாது, அதில் யூதரே உழைக்க வேண்டும் என்று குத்தகைப் பத்திரத்திலேயே எழுதி வைத்தது. ஆக, நிலம் விலையானபோது குடியானவன் குத்தகையை இழந்தான். அதே நிலத்தில் கூலியாகத் திரும்பி வரும் வழியும் அடைபட்டது. 1930இல் விசாரணைக்கு வந்த பிரிட்டிஷ் அதிகாரி ஹோப் சிம்சன் இதைத் தம் அறிக்கையில் கண்டித்து எழுதினார்.

"நம் பாட்டன்மாரும் கப்பலேறி வந்தவர்கள்தாமே? நாமும் அப்படித்தானே?" என்று ஓர் இளைஞர் கேட்கலாம். வந்தவர்கள்தாம். கங்காணி நம்மை அழைத்து வந்தது கித்தா மரம் வெட்ட. வேறொருவனை விலக்கி நமக்கு நாடு கொடுப்பதாக யாரும் கடிதம் எழுதித் தரவில்லை. இன்று நம் நிரைகளில் இந்தோனேசியரும் பங்களாதேஷ்காரரும் வந்து நிற்கிறார்கள். அவர்களால் கூலி உயரவில்லை என்ற முணுமுணுப்பு ஒவ்வொரு தோட்டத்திலும் கேட்கிறது. மேலே சொன்ன இரண்டு வழியும் நம் எதிரிலும் இருக்கின்றன. கிளைகள் அதை விவாதிக்கட்டும்.

நிலமிழந்த குடியானவர்கள் எங்கே போனார்கள்? துறைமுகமும் ரயில் பட்டறையும் இருந்த ஹைபாவுக்குப் போய்த் தகரக் குடிசை போட்டார்கள். துண்டாடப்பட்ட தோட்டத்தார் கோலாலம்பூர், கிள்ளான் ஓரங்களில் புறம்போக்குக் குடிசை போட்டதுபோலத்தான். அந்தக் குடிசைவாசிகளிடையே பிரசங்கம் செய்து ஆள் சேர்த்தவர் ஷேக் இஸ்ஸத்தீன் அல்-கஸ்ஸாம். 1935 நவம்பரில் பிரிட்டிஷ் போலீஸ் அவரைச் சுட்டுக் கொன்றது. இன்று ஹமாஸ் படைப்பிரிவுக்கும் ராக்கெட்டுக்கும் சூட்டப்பட்டுள்ளது அவர் பெயர்தான். அவர் இறந்து ஐந்து மாதத்தில், 1936 ஏப்ரலில், அரபுகளின் பொது வேலைநிறுத்தம் மூண்டு ஆறு மாதம் நீடித்தது. கலகம் 1939 வரை ஓடியது. பிரிட்டிஷார் கடுமையாக அடக்கினார்கள்.

அதற்குள் ஐரோப்பாவில் ஹிட்லர். 1938இல் பிரான்சில் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி யூத அகதிகளைப் பற்றிப் பேசின. அநேகமாக எல்லா நாடும் கதவைச் சாத்தியது. மறுவருஷம் பிரிட்டன், ஐந்து வருஷத்துக்கு 75,000 பேருக்கு மேல் பாலஸ்தீனத்துக்குள் விடமுடியாது என்றது. அறுபது லட்சம் யூதர் கொல்லப்பட்டார்கள். இதைக் குறைத்துப் பேசுகிற எவரோடும் நமக்கு உறவில்லை. ஐரோப்பா செய்த பாதகத்துக்கு அபராதம் கட்டியவன் அரபுக் குடியானவன் என்பதும் இதே கணக்கில் சேர்ந்தது.

இவ்வளவுக்கும் நடுவே 1946 ஏப்ரலில் ஒரு காரியம் நடந்தது. தெல் அவீவ் தபால் ஊழியர் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் தந்தி, ரயில்வே, பொது மராமத்து, சர்க்கார் கீழ்நிலைக் கிராணிகள் என்று யூதரும் அரபுகளும் ஆயிரக்கணக்கில் சேர்ந்து இறங்கினார்கள். ஏறத்தாழ இரண்டு வாரம் சர்க்கார் இயந்திரம் நின்றது. கோரிக்கைகளில் பலவற்றை வென்றார்கள்.

இருபது மாதம் கழிந்தது. 1947 நவம்பர் 29ஆம் நாள் ஐ.நா. சபை நாட்டை இரண்டாகப் பிரிக்கத் தீர்மானித்தது. 33 நாடுகள் ஆதரவு, 13 எதிர்ப்பு. எதிர்த்தவற்றில் இந்தியாவும் ஒன்று. ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கான யூதருக்கு நிலத்தில் பாதிக்கு மேல் ஒதுக்கியது அத்திட்டம். டிசம்பர் 30ஆம் நாள் காலை, ஹைபா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வாசலில் தினக்கூலிக்காகக் காத்து நின்ற அரபுகள்மீது இர்குன் என்ற யூத ஆயுதக் கூட்டத்தார் வெடிகுண்டு வீசினார்கள். ஆறு பேர் மாண்டார்கள். உடனே ஆலைக்குள்ளிருந்த அரபுத் தொழிலாளர்கள், தங்களோடு வேலை செய்துவந்த யூதர்களில் 39 பேரை அடித்துக் கொன்றார்கள். மறுநாள் இரவு ஹகானா என்ற யூதப் படை, அந்தத் தொழிலாளர் பலர் குடியிருந்த பலத் அல்-ஷேக் கிராமத்தில் புகுந்து பலரைக் கொன்றது. பெரட்டுக் களம் போன்ற ஓர் இடம், தோழர்களே. வேலைக்கு நின்றவன்மேல் குண்டு. அதற்குப் பழி, பக்கத்து மேசைக்காரன்.

1948 மே 14ஆம் நாள் இஸ்ரேல் பிரகடனமாயிற்று. அண்டை அரபு நாடுகள் படையெடுத்தன. யுத்தம் முடிந்தபோது ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட பாலஸ்தீனர் ஓடியும் துரத்தப்பட்டும் அகதிகளாயிருந்தார்கள். பாக்தாதில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த யூதரும் பின்னர் பெருந்தொகையில் கிளம்ப நேர்ந்தது. 1950இல் இஸ்ரேல் ஒரு சட்டம் செய்தது: யுத்தக் காலத்தில் தம் ஊரில் இல்லாதவர் 'வராதவர்', அவர் சொத்து காப்பாளரைச் சேரும். நாட்டுக்குள்ளேயே பக்கத்து ஊரில் ஒதுங்கியிருந்தவனும் வராதவனே! நிலத்தை மிதிக்காத சுர்சோக் குடும்பத்தார் உடையவர்களாயிருந்தார்கள். நிலத்தை விட்டு ஒருநாளும் அகலாதிருந்தவன், உயிருக்கு ஓடிய ஒரு குற்றத்துக்காக வராதவனானான். செக்ரோல் எழுதும் கை கூசுகிறது. இன்று காஸாவில் இருப்போரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அந்த அகதிகளும் அவர்கள் சந்ததியாருமே.

ஒரு செய்தியை விட்டுவிட்டோம். அந்த மே மாதம் வரை பாலஸ்தீன சர்க்காரின் தலைமைச் செயலாளராயிருந்த சர் ஹென்றி கர்னிதான் அதே வருஷம் அக்டோபரில் மலாயாவுக்கு ஹைகமிஷனராக வந்தவர். 1951இல் பிரேசர் மலைப் பாதையில் சுடப்பட்டவர். அங்கே போலீஸ் தலைவராயிருந்த கிரே, இங்கேயும் போலீஸ் தலைவரானார். அவசரகாலத்தில் நம் தோட்டங்களைக் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களுக்குப் பயிற்சி கொடுத்த வெள்ளைக்காரச் சார்ஜன்ட்களில் நூற்றுக்கணக்கானோர் பாலஸ்தீனத்தில் வேலை முடித்து வந்தவர்கள். "நமக்கென்ன?" என்று கேட்ட பெரியவருக்கு இது நமது பதில்.

ஹிஸ்தத்ருத் அரபுத் தொழிலாளரை உறுப்பினராக ஏற்கத் தீர்மானித்தது 1959இல்.

1967 யுத்தமும் அதற்குப் பிற்பட்டவையும் ஒரே இரவில் அடங்குவன அல்ல. அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். கேள்விகளைக் கிளைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். பஸ் தவறிவிடும் என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.