தெரியாத கடனுக்கு ஐம்பது வெள்ளி



சம்பள நாளன்று மாலையில் ஒருவர் உங்கள் வீட்டு வாயிலில் நின்று, நீங்கள் அறியாத கடனொன்றைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அண்டை வீட்டார் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில், இப்போதைக்கு ஐம்பது வெள்ளியைக் கொடுத்தனுப்பலாம் என்று தோன்றும். அதுதான் கூடாது. தீபகற்ப மலேசியாவில், 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி, ஒப்பந்தக் கடனுக்காக வழக்குத் தொடுக்க 6 ஆண்டுகளே தவணை. கடனில் ஒரு பகுதியைச் செலுத்தினாலோ, கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையொப்பமிட்டாலோ, அக்கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். வாங்காத கடனாயினும், நீங்கள் கொடுத்த அந்த ஐம்பது வெள்ளியே உங்களுக்கு எதிரான சான்றாகக் காட்டப்படலாம்.

ஆகவே, கடன் கொடுத்தவர் யார், எப்போது, எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் கையொப்பமுள்ள ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் அந்நகலைக் கடன் வாங்கியவரிடம் கொடுத்திருக்க வேண்டும் என்பது 1951ஆம் ஆண்டுச் சட்டம். நண்பரின் மோட்டார் சைக்கிளுக்கு என்றோ பிணைக் கையொப்பமிட்டதுண்டா என்பதையும் நினைத்துப் பாருங்கள். பலர் மறப்பது அதைத்தான். அடையாள அட்டையை அவரிடம் கொடுக்காதீர்கள். மிரட்டினால் காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள்.

நீதிமன்ற அழைப்பாணை வந்தால் மட்டும், கடன் நம்முடையதன்று என்று வாளாவிருந்துவிடாதீர்கள். குறித்த நாளில் செல்லாவிட்டால், நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வந்துவிடக்கூடும்.