வடக்கன்குளம் கோயிலின் சுவர்



வடக்கன்குளம் என்றால் இன்று எல்லோருக்கும் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற ஊர். ஆனால் அந்தப் பங்கின் கதை அவரிடம் தொடங்கவில்லை. ஒரு பெண்ணிடம் தொடங்குகிறது. 1680இல் நாடார் குலத்துப் பெண்மணி ஒருவர் அங்கே திருமறையில் சேர்ந்தார். அவரைச் சுற்றி ஒரு சபை துளிர்த்தது. 1685இல் கோயில் எழுந்தது.

அறுபது ஆண்டுகள் கழித்து, 1745 மே 14இல், மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூரிலிருந்து அந்தக் கோயிலைத் தேடி வந்தார். பங்கின் குரு புத்தாரி சுவாமி ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றினார், நீலகண்ட பிள்ளை தேவசகாயமாக எழுந்தார். எழுந்தவர் சாதி பார்க்காமல் எல்லோருடனும் பழகினார், பந்தியில் அமர்ந்தார். ஏழே ஆண்டுகளில், 1752 ஜனவரி 14இல், காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அன்பர்களே, அந்த மனிதரை ஈன்றெடுத்த அதே பங்கில் பிறகு என்ன நடந்தது? இதைச் சொல்லத்தான் நான் இந்த மேடைக்கு வந்தேன்.

1872இல் அங்கே பெரிய கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு கால்களாகப் பிரிந்து போகும் இரண்டு மண்டபங்கள். ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார். நடுவே தடுப்பு. பூசை வைக்கும் குருவுக்கு இரு பக்கமும் தெரியும். ஒரு பக்கத்தாருக்கு மறுபக்கத்தார் முகம் தெரியாது. ஒரே பீடம், ஒரே அப்பம், ஆனால் சகோதரன் முகத்தைப் பார்க்காமல் உண்ண வேண்டும்! கால்சட்டைக் கோயில் என்று பெயரே வந்துவிட்டது. கொத்தனார் கை தவறிக் கட்டியதல்ல அது. அளந்து, திட்டமிட்டு, சுண்ணாம்பு குழைத்துக் கட்டிய பாவம்.

1910இல் குருக்கள் அந்தத் தடுப்பை எடுத்தார்கள். ஊர் கொந்தளித்தது. சுவரைத் திரும்பக் கட்டித்தர வேண்டும், தனி இடம் எங்கள் உரிமை என்று வெள்ளாளர் தரப்பில் மைக்கேல் பிள்ளை முதலானோர் ஆயர் பார்த் மீது வழக்குத் தொடுத்தார்கள். அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அங்கே தோற்றது. கிறிஸ்தவக் கோயிலுக்குள் சாதிக்கென்று தனி இடம் கேட்க உரிமையில்லை என்பது தீர்ப்பின் சாரம். மறையுரைகள் சாதிக்காததை ஒரு வழக்கு சாதித்தது என்பதில் நமக்குப் பெருமை உண்டா? எனக்கு இல்லை. ஆனாலும் அந்தச் சுவரை எடுக்கத் துணிந்த குருக்களுக்கு நான் தலை வணங்குகிறேன்.

2022 மே 15இல் உரோமையில் தேவசகாயத்தைப் புனிதர் என்று அறிவித்தபோது அவர் பெயரோடு சாதிப்பெயர் இல்லை. நீக்கிவிட்டுத்தான் அறிவித்தார்கள்.

விழா மலர் தயாரிக்கும் நண்பர்களை வேண்டுகிறேன்: 1745ஐ அச்சிடும் மலரில் 1872ஐயும் 1910ஐயும் சேர்த்து அச்சிடுங்கள். பங்குப் பேரவையில் இருப்பவர்களே, உங்களுக்கு இன்னொரு வேண்டுகோள். கோயிலுக்குள் சுவர் போனாலும், கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் நிற்கும் ஊர்கள் தமிழகத்தில் இன்றும் இருக்கின்றன. உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால், அதை இடிக்கும் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் நீங்களே எழுந்து முன்மொழியுங்கள்.