வியர்வை குளிர்ந்தால் காத்திருக்க வேண்டாம்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், அரைப்பேர், கொழுந்து நிறுவையில் கழிவு என்று பேசத்தான் நாம் வழமையாகக் கூடுவோம். இன்று நெஞ்சுவலி பற்றிப் பேசுகிறோம். இதுவும் சங்க வேலைதான்.

மாரடைப்பு என்றால் இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டு, அந்தத் தசை சாகத் தொடங்குவது. இது பலருக்கும் தெரியும். அதற்கு அடுத்த கட்டத்தைத்தான் நாம் கவனிக்காமல் விடுகிறோம். சாகிற தசை அதிகமானால் இருதயத்தால் இரத்தத்தைத் தள்ள முடியாது. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தம் போய்ச் சேராது. வைத்தியர்கள் இதை இருதய அதிர்ச்சி நிலை என்கிறார்கள். பயத்தில் அதிர்ந்து போவதல்ல இது. மாரடைப்பு வந்த 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு இது வருகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தாலும் அவர்களில் பாதிக்குக் கிட்ட இறந்துபோகிறார்கள். வலி தொடங்கிய உடனேயும் வரலாம், சில மணித்தியாலம் கழித்தும் வரலாம்.

லயத்தில் இருந்தே இதை அறிய முடியும். தொட்டுப் பாருங்கள். கை கால் சில்லிட்டிருக்கும், மேலெல்லாம் வியர்வை. நமது மலையில் கை சில்லிடுவது எல்லாருக்கும்தானே என்பீர்கள். குளிரில் சில்லிட்ட ஆளுக்கு வியர்க்காது. முகம் வெளிறும், மூச்சு வாங்கும், நாடி வேகமாகவும் மெலிந்தும் ஓடும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். பிரஷர் பார்த்தால் மேல் அளவு 90க்குக் கீழே நிற்கும். "பிரஷர் குறைஞ்சிருச்சு, நல்லதுதானே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலிக்காமலே மாரடைப்பு வரக்கூடும். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து "கேஸ்டிக்" என்று உட்காரும் அக்காமாரைக் கங்காணி திட்டுவதற்கு முன் நாம் போய்ப் பார்க்க வேண்டும்.

உடனே 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. டிவிசன், கிட்ட உள்ள சந்தி, வாகனம் எதுவரை வரும் என்பதையும் சொல்லுங்கள். நினைவோடு இருப்பவருக்கு 300 மில்லிகிராம் அஸ்பிரின் ஒன்றை மென்று விழுங்கக் கொடுக்கலாம். ஒவ்வாமையோ இரத்தம் கசியும் குடற்புண்ணோ இருந்தால் வேண்டாம். மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்காரட்டும், மயக்கம் வந்தால் படுக்க வையுங்கள். நடக்க விடக்கூடாது. கோடாலித் தைலம் பூசுவதால் கெடுதி இல்லை, அதில் நேரம் போவதுதான் கெடுதி. கொத்தமல்லித் தண்ணீரும் வேண்டாம். பக்கத்துக் காம்பிராக்காரர் நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரையை இரவல் வாங்கிக் கொடுக்கவே கூடாது. விழுந்த பிரஷரை அது இன்னும் விழுத்தும். பேச்சு மூச்சு நின்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் குறையாமல் அமுக்குங்கள்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுப்பார்கள், பிரஷரைத் தூக்கிப் பிடிக்க மருந்து ஏற்றுவார்கள். அடைபட்ட குழாயைத் திறப்பதுதான் உண்மையான வைத்தியம். சீக்கிரம் திறந்தவர்களில் கூடுதலானோர் 6 மாதம் கழித்தும் உயிரோடு இருந்ததை 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த வசதி கண்டி, கொழும்பு போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் உண்டு. நமது மேல் டிவிசனில் இருந்து பெரிய ரோட்டுக்கு இறங்கவே எவ்வளவு நேரம் என்று உங்களுக்குத் தெரியும்.

இங்கேதான் சங்கம் வருகிறது. நாம் அறிந்த ஒரு தோட்டத்தில் கொழுந்து லொறி பெக்டரிக்குப் போய்த் திரும்பும்வரை நோயாளியைப் பிரட்டுக்களத்தில் வைத்திருந்தார்கள். கொழுந்து வாடும் என்றார்கள். நோயாளிக்கு வாகனம் கேட்டால் துரையின் அனுமதிக்குக் காத்திருக்காமல் சாவி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு டிவிசனிலும் வேலைசெய்யும் பிரஷர் மிசினும் அஸ்பிரினும் இருக்க வேண்டும். கூடப் போகிறவருக்கு அரைப்பேர் விழக்கூடாது. இம்மூன்றையும் எழுத்தில் கேட்போம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் டிவிசனில் இரவில் வாகனச் சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.