இலை போன்றதொரு கட்டி

1838ஆம் ஆண்டில் ஜேர்மன் அறிஞர் யொகானஸ் முல்லர் மார்பகத்தில் தோன்றும் அரிய கட்டியொன்றை விவரித்தார். அதன் வெட்டுமுகம் இலையடுக்கை ஒத்திருந்தமையால், இலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் 'பிலோடெஸ்' எனப் பெயரிட்டார்.

ஊடுகதிர்ப் படத்திலும் ஒலியலைப் படத்திலும் இது தீங்கற்ற நார்ச்சுரப்பிக் கட்டி போலவே உருண்டு தோன்றும். படம் கட்டியின் இடத்தையும் அளவையும் காட்டுமேயன்றி, அதன் இயல்பை உறுதியாக உரைக்காது. ஆகவே வைத்தியர்கள் தடித்த ஊசியால் இழையத் துண்டெடுத்து நுணுக்குக்காட்டியில் ஆராய்வர். அதனாலும் ஐயம் தீராதவிடத்து, கட்டி முழுவதையும் அகற்றிச் சோதிப்பர்.

நார்ச்சுரப்பிக் கட்டியை அகற்றாது கவனித்து வருதலும் கூடும். இலைக்கட்டியோ எஞ்சினால் மீண்டும் வளரும். சிலருக்குப் புற்றாகவும் அமையும். ஆதலால் விரைந்து பருக்கும் கட்டியை, நோவில்லையென எண்ணி எப்பெண்ணும் மறைத்தலாகாது.