மஞ்சளும் மலேரியாவும்

பெங்களூரில் மல்லேசுவரத்தை அடுத்து மரங்கள் அடர்ந்த பெரிய வளாகம் ஒன்று உண்டு. 1909-ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய விஞ்ஞானக் கழகம் அது. ‘டாட்டா இன்ஸ்டிட்யூட்’ என்றால்தான் இவ்வூர் மக்கள் பலருக்கு விளங்கும். நம் அஞ்சறைப்பெட்டியில் உள்ள மஞ்சள், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு சோதனைக்கு உள்ளாயிற்று. மலேரியாவை எதிர்க்கும் ஆற்றல் மஞ்சளுக்கு உண்டா என்பதே கேள்வி. கிடைத்த விடையை நாம் பிழையின்றி அறிந்துகொள்ள வேண்டும். பிழையாக அறிந்தால் உயிருக்கே கேடு நேரலாம்.

மலேரியா, கொசுக்கடியின் வழியே உடலில் புகும் ஓர் ஒட்டுண்ணியால் வருவது. அது முதலில் ஈரலில் பெருகுகிறது. பின்னர் இரத்தச் சிவப்பணுக்களுள் நுழைந்து அவற்றைச் சிதைக்கிறது. அதனை அடக்கிய பெருமருந்துகள் இரண்டு தாவரங்களிலிருந்தே கிடைத்தன. ஒன்று கொயினா; நீலகிரியிலும் பயிரிடப்பட்ட சின்கோனா மரத்தின் பட்டை தந்தது. மற்றொன்று ஆர்ட்டிமிசினின், மாசிப்பத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு சீனச் செடி தந்தது. அச்செடியைக் கொதிக்க வைத்து எடுத்த சாறு சரிவரப் பயன்படவில்லை. செடியை நீரில் ஊறவைத்துப் பிழியுமாறு ஒரு பழஞ்சீன நூல் கூறியிருந்ததைக் கண்ட து யூயூ அம்மையார், குறைந்த வெப்பத்தில் ஈதர் கொண்டு சாற்றைப் பிரித்தெடுத்தார். 1971-ஆம் ஆண்டில் அச்சாறு சுண்டெலிகளின் மலேரியாவை முற்றிலும் நீக்கியது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனி, பெங்களூருக்கு வருவோம். இங்கே இவ்வாராய்ச்சியை நடத்தியவர்கள், சென்னையில் பிறந்த உயிர்வேதியியல் அறிஞர் கோவிந்தராஜன் பத்மநாபன், பி. என். ரங்கராஜன் முதலியோர். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் என்னும் பொருளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். சுண்டெலிகளைத் தாக்கும் மலேரியா ஒட்டுண்ணி வேறு. மனிதரைத் தாக்குவது வேறு. ஆகவே மனித ஒட்டுண்ணியைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்தும் சோதித்தனர். எலி ஒட்டுண்ணியைச் சுண்டெலியின் உடலிலும் சோதித்தனர்.

2005-ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, குர்குமின் உண்ட சுண்டெலிகளின் இரத்தத்தில் ஒட்டுண்ணிகள் நூற்றுக்கு 80 முதல் 90 பங்கு வரை குறைந்தன. நல்ல பலன்தான். ஆனால் எஞ்சியவை மீண்டும் பெருகக்கூடியவை. 2006-இல் வெளியான அடுத்த ஆய்வில், ஆர்ட்டிமிசினினிலிருந்து செய்யப்படும் ஆர்ட்டீதர் என்னும் ஊசிமருந்தைக் குர்குமினோடு சேர்த்தனர். ஒரே ஓர் ஊசி மட்டும் பெற்ற சுண்டெலிகளில் நோய் தணிந்து மீண்டும் தலைகாட்டியது. அதே ஊசியோடு மூன்று முறை குர்குமினும் உண்டவற்றில் நோய் திரும்பவில்லை. ஏறக்குறைய எல்லாச் சுண்டெலிகளும் பிழைத்தன.

அப்படியாயின், காய்ச்சல் கண்டவருக்கு மஞ்சள் கலந்த பால் போதுமா? போதாது. மஞ்சள் தூளில் குர்குமின் நூற்றுக்குச் சில பங்கே உண்டு. உண்ட குர்குமினிலும் மிகச் சிறு பகுதியே இரத்தத்தில் சேர்கிறது. அதுவும் விரைவில் சிதைந்துவிடுகிறது. சுண்டெலி பிழைத்ததனால் மனிதரும் பிழைப்பர் என்று முடிவு கட்டிவிட முடியாது. அதை மனிதரிடம் முறையாகச் சோதித்தே நிறுவ வேண்டும். அரசு வகுத்துள்ள மலேரியாச் சிகிச்சையில் மஞ்சள் இடம்பெறவில்லை.

பிழைப்பை நாடி வெளியூர் வந்துள்ள நமக்கு இது வெறும் விஞ்ஞானச் செய்தியன்று. மங்களூரில் 1990-களிலிருந்து பல ஆண்டுகள் மலேரியா மிகுந்திருந்தபோது, கட்டட வேலைக்கு வந்தவர்களே பெரிதும் துன்புற்றனர். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று கைவைத்தியத்தோடு நின்றுவிடுவது நம்மவரிடம் உள்ள வழக்கம். குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தால் அன்றே அரசு மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்வோம். காய்ச்சல் தணிந்தாலும், கொடுத்த மாத்திரைகளை இறுதிவரை உட்கொள்வோம். நோய் தணிந்து மீண்டும் தலைகாட்டக்கூடும் என்பதை அச்சுண்டெலிகளே நமக்குக் காட்டியிருக்கின்றன. மஞ்சள் நம் சமையலில் என்றும்போல் இருக்கட்டும். மலேரியாவுக்கு மருத்துவர் தரும் மருந்தையே நம்புவோம்.