மதில் விழும் முன்பே ஒரு விருந்து
(தவக்காலம் நான்காம் ஞாயிறு: வானொலி மறையுரை)



திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டோம். இன்றோடு 26 நாள் ஆகிறது. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம். தவக்கால ஞாயிறுகளில் இன்று மட்டும் பீடத்தில் பூ வைக்கிறோம். ஊதாவுக்குப் பதிலாக ரோஜா நிறத் திருவுடை அணிகிறோம். 'லெத்தாரே', அதாவது 'மகிழ்வாயாக' என்பது இந்த ஞாயிறின் பழைய இலத்தீன் பெயர்.

மகிழ என்ன இருக்கிறது என்று சிலர் மனத்துக்குள் கேட்கலாம். ஒருசந்தி இருப்பதாகச் சொல்லி இரண்டாம் வாரமே விட்டவர்கள் நம்மில் உண்டு. இந்த ஆண்டு வீட்டில் ஒருவரைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்தவர்களும் உண்டு. அவர்களிடம் போய் 'மகிழுங்கள்' என்று சொல்ல நமக்கே நா எழுவதில்லை. ஆனால் எசாயா நூலின் 66ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இன்றைய வருகைப் பல்லவி அங்கிருந்து வருகிறது. எருசலேமுக்காகப் புலம்பி அழுதவர்களைத்தான் இறைவாக்கினர் மகிழ அழைக்கிறார்.

முதல் வாசகத்தில் யோசுவாவின் மக்கள் கில்காலில் பாஸ்கா கொண்டாடுகிறார்கள். மறுநாள் கானான் நாட்டின் விளைச்சலை, புளிப்பற்ற அப்பத்தையும் வறுத்த தானியத்தையும், உண்கிறார்கள். அதோடு மன்னா நின்றுபோகிறது. பாலைநிலத்தில் 40 ஆண்டு அலைந்தவர்களுக்குச் சொந்த நிலத்துத் தானியம் எப்படி இனித்திருக்கும்! ஆனால் பாடு முடிந்துவிடவில்லை. எரிகோவின் சமவெளியில்தான் அந்தப் பாஸ்கா. எதிரே எரிகோவின் மதில் அசையாமல் நிற்கிறது. அது விழுவது அடுத்த அதிகாரத்தில். மதில் விழட்டும், பிறகு கொண்டாடலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நாமோ கடன் தீரட்டும், பிள்ளைக்கு வேலை கிடைக்கட்டும், நோய் குணமாகட்டும் என்று மகிழ்ச்சியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறோம்.

நற்செய்தியில் வரும் இளைய மகனும் வீடு வந்து சேரவில்லை. தொலைவில் இருக்கும்போதே தந்தை அவனைக் கண்டு ஓடுகிறார். வழியெல்லாம் அவன் மனப்பாடம் செய்து வந்த பேச்சின் கடைசி வரி, தன்னைக் கூலியாளாக வைத்துக்கொள்ளும்படி கேட்பது. அதைச் சொல்ல அவனுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அதற்குள் முதல்தரமான ஆடை வருகிறது, மோதிரம் வருகிறது.

நோன்பைக் குறைவின்றிக் காத்தவர்களுக்கும் இந்த வாசகத்தில் இடம் உண்டு. வயலிலிருந்து வந்த மூத்தவன் ஆடல் பாடல் கேட்டு, கோபத்தோடு வெளியே நின்றுவிட்டான். நேர்மையாக உழைத்தவன்தான், அவன் மனக்குறையை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. தந்தை விருந்தை விட்டு அவனைத் தேடியும் வெளியே வந்தார், கெஞ்சினார். அவன் உள்ளே போனானா, இல்லையா? லூக்கா சொல்லவில்லை.

ஒப்புரவு அருளடையாளத்துக்கு வர நினைத்துத் தயங்குகிறவர்கள், பேச வேண்டியதை முழுதாகத் தயாரித்துக்கொண்டு வரத் தேவையில்லை. இந்த மூன்று வாரத்தில் ஒருநாள் வாருங்கள். துயரத்தோடு இந்த மறையுரையைக் கேட்கும் இல்லங்களை இறைவன் இன்று சிறப்பாக ஆசீர்வதிப்பாராக. ஆமென்.