கூத்துப் பார்ப்பதும் ஒரு தொண்டு

(யூபிலி ஆயத்த நாள்களில், ஆலய முன்றலில் நடைபெற்ற கலைவிழாவின் தொடக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கலைவிழாவில் பேச்சாளன் பெறும் கைதட்டலுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பேச்சு நன்றாயிருப்பது. மற்றது, பேச்சு முடிந்துவிட்டது என்ற மகிழ்ச்சி. இரண்டாவது காரணத்துக்காகவேனும் விரைவில் கைதட்டுப் பெற நான் முயல்வேன்.

இன்று தொடங்கி மூன்று இரவுகள் இந்த முன்றலில் கலைநிகழ்ச்சிகள் நடைபெறும். முதலிரவு சிறுவர்களுடையது. இரண்டாமிரவு இசையரங்கு. மூன்றாமிரவு எஸ்தாக்கியார் நாட்டுக்கூத்து. ஆடப்போகிறவர்களைப் பற்றிப் பாராட்டிப் பேச இங்கே பலர் இருக்கிறார்கள். நான் பேச விரும்புவது பாயில் உட்காரப் போகிறவர்களைப் பற்றி. மேடையில் நிற்பவன் பாதிக் கூத்தைத்தான் ஆடுகிறான். மறுபாதி முன்னால் இருப்பவர்களிடம் இருக்கிறது. அந்த மறுபாதி வராவிட்டால் கூத்து ஒத்திகையாகவே நின்றுவிடும்.

நம்முடைய சொத்து எதுவென்று முதலில் அறிந்துகொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கத்தோலிக்க மக்கள் வேதாகமக் கதைகளையும் அர்ச்சிஷ்டவர்களின் வரலாறுகளையும் தலைமுறை தலைமுறையாகக் கூத்தாக ஆடிவந்திருக்கிறார்கள். மூவிராசாக்கள், ஞானசவுந்தரி, எஸ்தாக்கியார், என்றீக்கு எம்பரதோர் என்று அப்பெயர்களைக் கேட்டாலே நமது மூத்தவர்களின் முகம் மலரும். தவக்காலத்தில் வாசிக்கும் வியாகுலப் பிரசங்கத்தை நமக்குத் தந்தவர் யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார். 1742இல் அவர் இறந்தார். அவருடைய தமிழ் இன்றும் நமது ஆலயங்களில் கண்ணீரை வரவழைக்கிறது. அதைக் காதால் கேட்டே நெஞ்சில் பதித்துக்கொண்டவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். எழுத்தறியாதவர்களும் பக்கம் பக்கமாக ஒப்புவிக்கக் கூடியதாயிருந்தது எப்படி? ஆண்டு தவறாமல் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். வேறு மந்திரம் ஒன்றுமில்லை.

பார்க்கப் போனவர்களால் ஒரு கலை எழுந்து நின்ற கதை நமது நாட்டிலேயே உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர சிங்களக் கிராமத்து ஆட்டங்களைத் தேடிப்போய்ப் பார்த்தவர். படித்தவர்கள் அவற்றை நாட்டுப்புறத்தாரின் பொழுதுபோக்கென்று ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. அவர் பார்த்தார், பாட்டுகளைக் கேட்டார், அம்பலாங்கொடையைச் சேர்ந்த சாள்ஸ் சில்வா குருன்னான்சே என்னும் பழைய நாடக ஆசிரியரைத் தமக்குத் துணையாக்கிக்கொண்டார். அதன் பலனாக 1956இல் கொழும்பில் ‘மனமே’ மேடையேறியது. சிங்கள நாடக வரலாறு அன்றிலிருந்து புதுவழியில் திரும்பிற்று. அந்த ‘மனமே’ எந்த மரபில் அமைந்தது தெரியுமா? சிங்களத்தில் ‘நாடகம’ என்று வழங்கும் மரபில். பெயரே நமது சொல். தமிழ்க் கூத்திலிருந்து, அதிலும் கரையோரக் கத்தோலிக்க மக்கள் வழியாக, அம்மரபு சிங்களத்துக்குச் சென்றது என்பர் ஆய்வாளர். மூவரசர் கதை அவர்களிடத்திலும் ஆடப்பட்டிருக்கிறது.

அதே பேராதனையில் இருந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். மட்டக்களப்பிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் ஊர் ஊராகச் சென்று, களரியின் முன்னால் அமர்ந்து, கூத்துப் பார்த்தவர் அவர். பார்த்ததோடு நிற்கவில்லை. பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கிராமத்து அண்ணாவியாரைக் கொண்டே ஆட்டம் பழக்குவித்தார். 1962இல் கர்ணன் போர், பின்னர் இராவணேசன் என்று மேடையேற்றினார். நமது கத்தோலிக்க நாடகங்களையும் அவர் மறக்கவில்லை. 1964இல் என்றீக்கு எம்பரதோர், 1966இல் மூவிராசாக்கள், 1967இல் ஞானசவுந்தரி ஆகியவற்றைப் பதிப்பித்து அச்சேற்றினார். அவர் நமது சமயத்தவர் அல்லர் என்பதை இங்கே நன்றியோடு நினைக்க வேண்டும். கொப்பிகளாகக் கிடந்தவை அதனால் நூலுருப் பெற்றன. பின்னாளில் யுத்தத்தாலும் இடப்பெயர்வுகளாலும் எத்தனையோ கொப்பிகள் அழிந்தன என்பதை எண்ணும்போதுதான், அந்தப் பெருமகன் செய்த வேலையின் பெறுமதி விளங்குகிறது.

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. 1965இல் நீ. மரியசேவியர் அடிகளார் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கினார். திருப்பாடுகளின் நாடகங்களைத் திறந்தவெளியில் பெருந்திரளான மக்கள் முன் அவர் நடத்திக்காட்டினார். யுத்த காலத்திலும் மேடையைக் கைவிடாத அவர் 2021இல் மறைந்தார். அவர் நடத்தியபோது முற்றவெளியை நிறைத்தவர்கள் யார்? உங்களைப் போன்ற மக்கள்தாம்.

அன்பர்களே, “வீட்டிலிருந்தே கைத்தொலைபேசியில் பார்க்கலாமே” என்று இளையவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒளிப்பதிவு வேண்டும், நாளைக்கு ஒரு பாட்டின் இராகம் மறந்துபோனால் அதுதான் கைகொடுக்கும். கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகளுக்கும் அதுவே வழி. ஆயினும் நேரில் இருப்பவனுக்குக் கிடைப்பது வேறு. அதைச் சற்று விளக்குகிறேன்.

கூத்தில் ஆடுபவன் ஓர் அடியைப் பாடுவான். பிற்பாட்டுக்காரர் அதை வாங்கித் திரும்பப் பாடுவர். ஏன் இருமுறை? முதன்முறை அது ஆடுபவனுடைய பாட்டு. இரண்டாம் முறை அது சபையின் பாட்டாகிறது. அப்போதுதான் முன்வரிசைக் கிழவர் தம்மை மறந்து வாயசைப்பார். அவர் மடியில் இருக்கும் பேரன் அந்த வாயைப் பார்ப்பான். கூத்து ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குத் தாவும் இடம் அதுதான். ஒளிப்பதிவுக் கருவி மேடையைப் பிடிக்கும். அந்தக் கிழவரின் வாயைப் பிடிக்காது.

இன்னொன்று. அண்ணாவியாரின் கண்ணும் சபையைப் பார்த்தபடியே இருக்கும். சபை சோர்கிறதென்றால் மத்தளக்காரருக்குச் சைகை காட்டித் தாளத்தை முடுக்குவார். சபை உருகுகிறதென்றால் ஒரு விருத்தத்தை ஆறுதலாக இழுத்துப் பாட விடுவார். ஆகவே நீங்கள் இருக்கும் கூத்தும் நீங்கள் இல்லாத கூத்தும் ஒன்றல்ல. நமது இருப்பே கூத்தின் அளவை நிர்ணயிக்கிறது.

மூன்றாமிரவு வரப்போகிற உங்களுக்கு, குறிப்பாகக் கூத்து முன்பு பாராத பிள்ளைகளுக்கு, சில அடையாளங்கள் சொல்லி வைக்கிறேன். தொடக்கத்தில் காப்புப் பாட்டுக் கேட்கும். பிறகு கட்டியகாரன் வந்து, அரசன் வரப்போகிறான் என்று அறிவிப்பான். அவனுடைய வேடிக்கையைச் சிரித்து ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்து அரசன் வரவு. வரவு விருத்தத்தில் குரலைக் கவனியுங்கள். தருவுக்கு வரும்போது காலைக் கவனியுங்கள். மத்தளத்தின் சொல்லும் சதங்கையின் சொல்லும் ஒன்றாக விழுகின்றனவா என்று பாருங்கள். விழுந்தால் அது பல மாத உழைப்பு. பகலில் கடலுக்கும் கூலிக்கும் போய்வந்த மனிதர், இரவில் நித்திரையை விற்று வாங்கிய தாளம் அது. முதற்பாகத்தில் ஒருவர், பிற்பாகத்தில் வேறொருவர் எஸ்தாக்கியாராக வந்தால் மயங்க வேண்டாம். விடியும்வரை ஒரே தொண்டை தாங்காது என்பதற்காக முன்னோர் செய்த ஏற்பாடு அது.

எஸ்தாக்கியார் கதை உங்களுக்குத் தெரியும். உரோமைப் படைத்தலைவர். வேட்டைக்குப் போன இடத்தில் கலைமானின் கொம்புகளுக்கிடையே பாடுபட்ட சுரூபத்தைக் கண்டு மனந்திரும்பியவர். அதன்பின் செல்வம் போயிற்று. ஊரைவிட்டுப் புறப்பட்டார், கப்பற்காரன் மனைவியைப் பிடித்து வைத்துக்கொண்டான். ஆற்றைக் கடக்கையில் பிள்ளைகள் இருவரையும் ஆளுக்கொரு கரையில் சிங்கமும் ஓநாயும் கவ்விச் சென்றன. நடு ஆற்றில் தன்னந்தனியாக நின்றார் அந்த மனிதர். பல ஆண்டுகளின் பின் நால்வரும் ஒன்றுகூடினர். முடிவில் விசுவாசத்துக்காக நால்வரும் ஒன்றாகவே உயிர்விட்டனர்.

இந்தக் கதையை நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டுமா? 1995 ஒக்டோபரில் ஒரே இரவில் வீடு வாசலை விட்டுப் புறப்பட்ட மக்கள் நாம். 2009 வரை எத்தனை குடும்பங்கள் பிள்ளையை ஒரு கரையிலும் தாயை ஒரு கரையிலும் விட்டுப் பிரிந்தன! இன்னும் திரும்பி வராதவர்களுக்காக விளக்கேற்றிக் காத்திருக்கும் தாய்மார் இந்தச் சபையிலும் இருக்கக்கூடும். தனியறையில் அழுதால் அது ஒருத்தியின் துக்கம். நடு ஆற்றில் நிற்கும் எஸ்தாக்கியார் புலம்பும்போது ஊர் முழுவதும் சேர்ந்து அழுதால், அவளுடைய துக்கத்துக்கு ஊர் தோள் கொடுக்கிறது. சேர்ந்து இருக்கும் இடத்தில் மட்டுமே கிடைக்கும் ஆறுதல் அது. இந்தக் கூத்து நின்றுபோனால் நாம் இழப்பது சில பழம்பாட்டுகளை மட்டுமா? சேர்ந்து அழவும் சேர்ந்து சிரிக்கவும் நமக்கிருந்த ஓர் இடத்தையல்லவா இழப்போம்!

அந்த ஆபத்து தொலைவில் இல்லை. கூத்தை முழுமையாகப் பழக்கத்தக்க மூத்த அண்ணாவிமார் குறைந்துவருகிறார்கள். ஆட இளைஞர் வருகிறார்கள், அதற்காக மகிழ்கிறோம். ஆனால் ஓரிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன்; இடத்தின் பெயர் வேண்டாம். மாலை ஏழு மணிக்கென்று அறிவித்த கூத்து, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, மாலை மரியாதை எல்லாம் முடிந்து பத்தரைக்குத் தொடங்கிற்று. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். பொன்னாடை பெற்றவர்களோ வாகனமேறிப் போய்விட்டார்கள். நள்ளிரவுக்கு மேல் ஆடியவர்கள் வெறும் கதிரைகளுக்கு முன்னால் ஆடினார்கள். மாதக்கணக்கில் பழகியவனுக்கு அதைவிடக் கொடிய தண்டனை உண்டா? மறு ஆண்டு அவனை மீண்டும் ஆட அழைக்க எந்த முகத்தோடு போவது?

இன்னுமொரு சொல். நமது முன்றலில் நடப்பதை மட்டும் பார்த்தால் போதாது. அயலில் அம்மன் கோயில் வீதியில் காத்தவராயன் கூத்து நடக்கிறது. முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்து இருக்கிறது. மட்டக்களப்பில் வட்டக்களரியைச் சுற்றி நாற்புறமும் மக்கள் இருந்து பார்க்கிறார்கள். நமது கூத்துகளுக்கு அயலூர்ச் சைவ மக்கள் பாயோடு வந்த வழக்கத்தை மூத்தவர்கள் அறிவார்கள். நாமும் போக வேண்டாமா? 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தனது திருவழிபாட்டுச் சாசனத்தில், மக்களின் சொந்த இசைமரபுகளுக்கு உரிய மதிப்பு அளிக்க வேண்டுமென்று சொல்லிற்று. கேட்டுப் பழகாத ஒன்றை மதிப்பது எங்ஙனம்? 2011இல் யாழ்ப்பாணத்தில் இசைவிழா நடந்தபோது பல பகுதிக் கலைஞர்கள் ஒரே இடத்தில் கூடினார்கள். அத்தகைய விழாக்கள் எங்கு நடந்தாலும் ஒரு வான் பிடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். பிறர் ஆட்டத்தைப் பார்த்தவனுக்கே தன் ஆட்டத்தின் சிறப்பும் குறையும் தெரியும்.

முடிவாக, இம்மூன்று இரவுகளுக்கும் எனது வேண்டுகோள்கள் இவை.

நேரத்துக்கு வாருங்கள், விழாக் குழுவினரும் நேரத்துக்குத் தொடங்குங்கள். பாராட்டுரைகளை நடுவில் செருகாமல் மங்களம் பாடியபின் வைத்துக்கொள்ளலாம். இருந்து கேட்க மனமுள்ளவர்கள் இருப்பார்கள்.

பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். அவர்கள் தூங்கினால் தூங்கட்டும். மத்தளச் சத்தத்தில் தூங்கி எழுந்த பிள்ளை அந்தத் தாளத்தை மறப்பதில்லை.

படம் பிடிக்க நியமித்தவர்கள் பிடிக்கட்டும். மற்றவர்கள் கைத்தொலைபேசியை மடியில் வையுங்கள். பின்னாலிருக்கும் ஆச்சிக்கும் மேடை தெரிய வேண்டும்.

கச்சான் கொறியுங்கள், தேநீர் குடியுங்கள், ஆனால் மங்களம் வரை இருங்கள். இடையில் எழும்ப வேண்டியவர்கள் ஒரு காட்சி முடிந்தபின் எழும்புங்கள்.

மறுநாள் ஆடியவனைச் சந்தையிலோ கரையிலோ கண்டால், “நேற்று உன்னுடைய இந்தப் பாட்டு நன்றாயிருந்தது” என்று பாட்டைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். பொன்னாடையைவிட அது அவனுக்குப் பெரிது. குறை கண்டால் அதையும் அன்போடு அண்ணாவியாரிடம் சொல்லுங்கள். கூர்ந்து பார்த்திருக்கிறார்களே என்று அவர் மகிழ்வார்.

நமது முன்னோர் கற்களைச் சுமந்து இந்த ஆலயத்தைக் கட்டினார்கள். இன்று உங்களிடம் கல் சுமக்கக் கேட்கவில்லை. ஒரு பாயைச் சுமந்து வாருங்கள் என்றே கேட்கிறேன். ஆடுபவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் இறைவன் நிறைவான ஆசீர் அளிப்பாராக.